புழுவுக்கு மருந்து அடித்த கதை

மலேசியாவில், சுவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற ஒரு மண்டோர் கம்ப்யூட்டர் புழுவுக்கு மருந்து அடித்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். போர்டிக்சன் மீன் கடையில் சொன்னார்கள், அம்பாங்கான் சாப்பாட்டுக் கடையில் சொன்னார்கள், கோயில் கமிட்டிக் கூட்டத்தில்கூடப் பேச வந்ததை விட்டுவிட்டு அதைத்தான் சொன்னார்கள். சொன்னவனும் சிரித்தான், கேட்டவனும் சிரித்தான். அந்த மண்டோரின் மனைவி பஞ்சாலைக்கு அன்றைக்கு வலது கண் போனது மட்டும் கதையில் எங்கேயும் வராது. வந்தால் எப்படிச் சிரிப்பது? அதனால் வராது.

பஞ்சாலைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. போன கண் திரும்பாது என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்; அதை அவள் அழுது தீர்த்துவிட்டாள். யார் வாயிலிருந்து வந்த சொல்லுக்காக, எந்த வேலைக்குப் போய் அந்தக் கண் போனது என்று யாராவது ஓர் ஆள் நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. தோட்டத்தை எழுதிக் கொடு என்றா கேட்டாள்?

நடந்ததைச் சொல்கிறேன், உள்ளபடியே கேளுங்கள்.

அன்றைக்குக் காலைப் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிகிற நேரம். வரிசையில் பாதிக்கு மேல் இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசத்து ஆட்களும்தான். தங்கராஜு மருந்தடிக்கிற கும்பலுக்கு மண்டோர். அவன் மனைவி பஞ்சாலை அதே கும்பலில் பம்பு சுமக்கிறவள். முன்னால் நின்றவர் ராமகிருஷ்ணன், உதவி நிர்வாகி. ஆட்கள் அவரைச் சின்னையா என்பார்கள். நிர்வாகியான பெரியையா விடுப்பில் போயிருந்ததால் தோட்டமே அன்றைக்கு அவர் கையில். படித்தவர், கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரிதான் நிற்பார். எதையும் முழுசாகப் படித்து முடிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது.

அவருடைய கைப்பேசி ஒலித்தது. சிரம்பானில் இருக்கிற கம்பெனியின் தலைமை ஆபிசிலிருந்து எல்லாத் தோட்டங்களுக்கும் போன ஒரே செய்தி. ஆங்கிலத்தில் இரண்டே வரி. வோர்ம் அவுட்பிரேக். உடனே ஐசோலேட் செய்யுங்கள், தாமதம் வேண்டாம்.

தலைமை ஆபிசில் ஏர்கோன் அறைக்குள் உட்கார்ந்து அதை அடித்தவனுக்கு வோர்ம் என்றால் கம்ப்யூட்டருக்குள் பரவுகிற புழு. வேறு ஒரு புழு இந்த உலகத்தில் இருக்கிறது என்கிற நினைப்பே அவனுக்கு இல்லை. செம்பனைக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு வோர்ம் என்றால் உலாட். இலையைத் தின்று தீர்த்து மரத்தில் வெறும் ஈர்க்கை மட்டும் விட்டு வைக்கிற புழு. போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் விழுந்து நாலைந்து பிளாக்கை மொட்டையடித்திருந்தது. கம்ப்யூட்டர் என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து அடிக்க அந்த மகராசனுக்கு விரல் வலித்துவிட்டது.

"புழு விழுந்துருச்சு!" என்றார் ராமகிருஷ்ணன். "தங்கராஜு, மத்த வேல எல்லாத்தையும் நிப்பாட்டு. இன்னைக்கு உலாட்டுக்கு அடிக்கணும்."

"எந்த பிளாக்குங்கய்யா? நான் நேத்துதானே புதுக்கன்னு பக்கம் சுத்திட்டு வந்தேன். ஒன்னும் கண்ணுல படலயே."

"ஐசோலேட்னு போட்டுருக்கான் லா, வெளங்கலயா? பக்கத்துத் தோட்டத்துலேருந்து உள்ள வராம பார்டர் பூரா வளைச்சு அடி."

"மொதல்ல எலைய வெட்டிப் போட்டுப் பாத்துட்டு..."

"வெயிட் பண்ணாதேன்னும் போட்டுருக்கான். ஹெட் ஆபிஸ்காரன் பாக்காமயா போடுவான்? கெளம்பு, கெளம்பு!"

எப்போதுமே உலாட்டுக்கு மருந்து அடிப்பதற்கு முன்னால் மட்டையை வெட்டிப்போட்டு, இலையில் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து அறைச் சாவியையே எடுப்பார்கள். அன்றைக்கு அந்த முறை பறந்துவிட்டது. மேலிருந்து சொல் வந்துவிட்டதே, அப்புறம் புழுவைப் போய் யார் தேடுவார்கள்?

கண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடிகள் பழையதெல்லாம் கீறல் விழுந்து போய்விட்டது என்று முந்தின வாரம்தான் குப்பையில் போட்டிருந்தார்கள். புதிசு ஸ்டோரில் பெட்டியோடு இருந்தது. பஞ்சாலையும் தங்கராஜுவும் வாங்கப் போனார்கள். ஸ்டோர் கணக்குப் பார்க்கிற கிராணி அமிர்தலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பூட்டுப் படம், கீழே ஏதோ ஆங்கில எழுத்துகள்.

"மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு மண்டோரே. எத அமுக்குனாலும் இதேதான் நிக்குது. சீட்டு பிரிண்ட் ஆகாம நான் ஒரு ஆணியக்கூட வெளிய குடுக்கக் கூடாது. அப்புறம் என் தலையத்தான் உருட்டுவானுங்க."

"பெட்டி இந்தா இருக்கு, எடுத்துக் குடுங்கண்ணே. சீட்டு அப்பறம் போட்டுக்கலாம்" என்றாள் பஞ்சாலை.

"அதெல்லாம் முடியாது தங்கச்சி. ரூல்ஸ் ரூல்ஸ்தான்."

சத்தம் கேட்டு ராமகிருஷ்ணனே வந்து எட்டிப் பார்த்தார். சிவப்புத் திரையைப் பார்த்தார், பூட்டையும் பார்த்தார். யாரைத் தேடி ஊரையே விரட்டினாரோ அந்தப் புழு கண்ணெதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது! "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க, சரியாப் போயிடும்" என்றார். பிறகு தங்கராஜுவைப் பார்த்து, "ஒரு நாளைக்குக் கண்ணாடி இல்லன்னா ஒன்னும் ஆயிடாது. காத்து பாத்து அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காத்து பார்த்து அடிக்கவா? அன்றைக்குக் கடல் பக்கமிருந்து வீசிய காற்றில் முக்காட்டுத் துணிகூடத் தலையில் நிற்கவில்லை. செம்பனைப் புதுக்கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டியவை. பம்பைத் தோளில் மாட்டி, குழாயை மேல்நோக்கித் தூக்கித்தான் அடிக்கவேண்டும். அடித்ததில் பாதி இலைக்குப் போனது, பாதி அவர்கள் தலையிலேயே இறங்கியது. பஞ்சாலை ஒவ்வொரு மட்டையாக வளைத்து இலையைப் புரட்டிப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று இருந்தது. ஓர் ஓட்டை கிடையாது, ஒரு கூடு கிடையாது.

"ஏங்க, பூச்சியே இல்லீங்க. எதுக்கு இந்த அடி அடிக்கிறோம்?"

"மேல சொல்றாங்க, அடிக்கிறோம். நீ என்னா பெரிய ஆபிசரா? அடிம்மா பேசாம."

அடித்தாள். அடுத்த வரிசை திரும்பும்போது பம்புக் குழாயின் மூட்டு கழன்றது. உள்ளே அழுத்தத்தில் இருந்த மருந்து பீறிட்டு நேராக அவள் வலது கண்ணில் பாய்ந்தது. "ஐயோ" என்று கத்தக்கூட அவளுக்கு மூச்சு வரவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கழுவுவதற்குத் தண்ணீர் லோரி அன்றைக்கு வரவில்லை, அவசரத்தில் அதை யாரும் நினைக்கவே இல்லை. சித்தி என்ற இந்தோனேசியப் பெண் தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை முழுக்க அவள் கண்ணில் ஊற்றினாள். அந்த ஒரு போத்தல்தான்.

தங்கராஜு அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துச் சுவா கிளினிக்குக்கு விரட்டினான். எண்ணெய் ஆலை வாசலைக் கடக்கும்போது மீதமிருந்த கண்ணால் பஞ்சாலை பார்த்தாள்: குலை ஏற்றிய லோரிகள் வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் வரிசையாக நின்றன. லோரியை நிறுக்கிற தராசின் கம்ப்யூட்டரும் சிவப்பாகிப் போயிருந்தது. நிறுக்காமல் உள்ளே விட முடியாது. டிரைவர்கள் இறங்கி நிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னடா இது, எல்லாமே ஒரே நாளில் நின்றுபோகிறதே என்று அந்த எரிச்சலிலும் அவளுக்குத் தோன்றியது. கிளினிக்கில் பார்த்துவிட்டு உடனே சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் சிரம்பானிலிருந்து ராமகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். கேபிளை எல்லாம் உருவிவிட்டீர்களா என்று. என்ன கேபிள் என்று இவர் கேட்டாராம். அப்போதுதான் இரண்டு பக்கமும் விளங்கியது.

விளங்கியவுடனே என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்களா? அதுதான் இல்லை. பெரியையா விடுப்பைப் பாதியில் முறித்துக்கொண்டு வந்து விசாரணை வைத்தார். தங்கராஜுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துப் பேசினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் அவன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்னா சொன்னீங்க அங்க?" என்று கேட்டாள் பஞ்சாலை. கண்ணில் கட்டு.

"நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டேன்."

"நீங்களா? சின்னையா ஒங்ககிட்ட உலாட்டுன்னு சொல்லல? நான் பக்கத்துல நின்னு கேட்டேனே!"

"சொன்னாரு. இல்லேங்கல. ஆனா அவரு இன்னும் பெரிய பதவிக்குப் போவ வேண்டிய ஆளு. படிச்சவரு புழுவத் தப்பாப் புரிஞ்சுகிட்டாருன்னா அதோட முடிஞ்சாரு. மண்டோருக்கு இங்கிலீசு வரலன்னா யாரு கோவிக்கப் போறா?" பழத்தை உரித்தான். "என் வேல அப்புடியே இருக்கும். ஒனக்கும் ஆபிஸ்ல லேசான வேல தரேன்னுட்டாங்க. தோட்டத்து வீட்ட விட்டுப் போன்னும் சொல்லல."

"என் கண்ணுக்கு என்னா சொன்னாங்க?"

தங்கராஜு சுளையைப் பிரித்துக்கொண்டே இருந்தான். "கண்ணாடி போடாம வேல செஞ்சது தொழிலாளியோட கவனக்குறைவுன்னு வச்சிருக்காங்க. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் பஞ்சால."

"பேச்சுக்கா? ஸ்டோர் வாசல்ல நின்னு கெஞ்சுனது நான்தானே!"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "மெல்லமா பேசு" என்றான் அவன். பஞ்சாலை சுளையை வாங்கவில்லை. கட்டிய புருஷன் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பை வார்த்தையில் சொல்ல முடியாது. அடித்திருந்தால்கூட அந்த அளவுக்கு வந்திருக்காது.

கதை முதலில் அமிர்தலிங்கத்திடமிருந்துதான் கிளம்பியது. தான் கொடுக்காமல் விட்ட கண்ணாடியை விட்டுவிட்டு, தங்கராஜு செம்பனைக்கு மருந்தடித்ததை மட்டும் வேடிக்கையாக எழுதி வாட்ஸ்அப்பில் ஸ்டோர் கிராணிகள் குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து லோரி டிரைவர்கள் குழு, அங்கிருந்து பழைய மாணவர் குழு, குடும்பக் குழு. பஞ்சாலை கட்டு மாற்றச் சுவா கிளினிக்குக்குப் போனால் வரிசையில் இருந்தவர்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் டாக்டரைப் பார்க்கச் சிரம்பானுக்கு பஸ் ஏறினால் பின்சீட்டில் இரண்டு பேர் அதையே பேசினார்கள். அவள் போகிற இடத்துக்கெல்லாம் கதை அவளுக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தது. ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. ஒரு ஊரில் மண்டோர் கம்ப்யூட்டரையே திறந்து மருந்தடித்தான், இன்னொரு ஊரில் பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்தான்.

தங்கராஜு முதலில் கூனிக் குறுகித்தான் போனான். பசாருக்குப் போவதையே நிறுத்தினான். அப்புறம் ஒரு நாள் ரொட்டிச் சானாய்க் கடையில் யாரோ அவனைக் கண்டுபிடித்து, "அண்ணே, நீங்கதானா அது? ஒரு தடவ ஒங்க வாயாலயே சொல்லுங்கண்ணே" என்று கேட்டு, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தானாம். சொன்னான். சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இத்தனை வருஷம் மண்டோராக இருந்தும் யாரும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். முட்டாள் என்று பார்த்தாலும் பார்வை பார்வைதானே, ருசி கண்டுவிட்டான் மனுஷன்.

பஞ்சாலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபிசில் லேசான வேலைக்குப் போனாள். கூட்டுவது, மேசை துடைப்பது, தேத்தண்ணி கலக்குவது. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் சரிபண்ண அம்பாங்கானிலிருந்து ஹேமநாதன் என்று ஒருவன் வந்திருந்தான். சொந்தமாகக் கடை வைத்திருப்பவன், சிரித்த முகம். அவளை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் கேட்டாள். "இது எப்புடி தம்பி சிரம்பான்லேருந்து இங்க வந்துச்சு? யாரு கொண்டாந்தது?"

"யாரும் கொண்டு வரலக்கா, அதான் வோர்ம். வைரஸ்னா யாராச்சும் எதையாச்சும் தொறந்து வுடணும், இல்லாட்டி தம்ப்டிரைவ்ல ஏத்திக்கிட்டு வரணும். இதுக்கு ஆளே வேணாம். ஒரு மெஷின்ல பூந்துச்சுன்னா அங்க சும்மா இருக்காது. அதே லைன்ல வேற எந்தெந்த மெஷின் இருக்குன்னு தேடும். ஒன்னொன்னா போயி கதவத் தட்டும். பூட்டு பழுதா இருந்துச்சுன்னா உள்ள போயி தன்ன மாதிரியே இன்னொன்னு செஞ்சு வச்சிரும். அந்தப் புதுசும் ஒடனே கெளம்பி அடுத்த கதவத் தட்டும். நீங்க இந்த தேத்தண்ணிய ஆத்திக் குடிக்கிறதுக்குள்ள ஒரு தோட்டத்து மெஷின் பூரா முடிஞ்சிரும்."

"பூட்டு பழுதுன்னு முன்னாலயே தெரியாதா?"

"தெரியுமே. பூட்ட மாத்துறதுக்கு அப்டேட் எப்பவோ அனுப்பிட்டாங்க. அதப் போடணும்னா தராசு மெஷின கொஞ்ச நேரம் நிப்பாட்டணும். லோரி காத்துக்கிட்டு நிக்கும்னு யாரும் போடல." அவன் சிரித்தான். "கடசியில எவ்வளவு நேரம் நின்னுச்சு பாருங்க!"

"அன்னைக்கு என்னா செஞ்சிருந்தா இங்க வந்திருக்காது?"

ஹேமநாதன் கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டு ஒரு நீல ஒயரை உருவிக் காட்டினான். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். "இவ்வளவுதான். இப்ப இந்த மெஷின் தனி. தட்டுறதுக்கு வழியே இல்ல. இதத்தான் ஐசோலேட்னு சொல்றது."

பஞ்சாலை அந்த ஒயரை வாங்கிப் பார்த்தாள். நுனியில் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக். அமுக்கி உருவ ஒரு கை போதும். இதற்கா பார்டர் பூரா வளைத்து அடித்தோம்? இதற்கா என் கண்ணு? அவளுக்கு அந்த ஆபிசில் உள்ள அத்தனை ஒயரையும் பிய்த்து எறியவேண்டும் போல இருந்தது.

அவள் முகம் மாறியதை அவன் கவனிக்கவில்லை. "அதவிடக் கூத்து தெரியுமாக்கா? இந்தத் தோட்டத்துலதான் ஒரு மண்டோர் இதுக்குப் போயி மரத்துக்கு மருந்தடிச்சாராமே! எனக்கு மூனு குரூப்ல வந்துச்சு. சிரிச்சு சிரிச்சு செத்துட்டேன்."

"அதுல அந்த மண்டோரோட பொண்டாட்டியப் பத்தி ஏதாச்சும் இருந்துச்சா?"

"பொண்டாட்டியா? ஏன், அவங்களும் சேந்து அடிச்சாங்களா?" என்று மறுபடியும் சிரித்தான்.

பஞ்சாலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண்ணின் கருவிழி பாலாடை விழுந்தது போல வெள்ளையாக இருந்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஒயரை மேசையில் வைத்தான், மறுபடியும் எடுத்தான்.

"அடிச்சேன் தம்பி. கண்ணாடி கேட்டேன், குடுக்கல. அத நீ எத்தன பேருக்கு அனுப்புன?"

"மன்னிச்சிருங்கக்கா. சத்தியமா தெரியாது."

"மன்னிக்கிறது இருக்கட்டும். அவங்களுக்கெல்லாம் இதையும் எழுதி அனுப்புவியா?"

"கண்டிப்பாக்கா. இன்னைக்கே அனுப்புறேன்."

அனுப்பினான், பொய் சொல்லக்கூடாது. அடுத்த முறை வந்தபோது கைப்பேசியைத் திறந்து காட்டினான். நாலு வரியில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். கீழே இரண்டு பேர் கைகூப்பி ஒரு படம் போட்டிருந்தார்கள். அதோடு சரி. ஒருத்தர்கூட அதை அடுத்தவருக்கு அனுப்பவில்லை.

பஞ்சாலையின் தங்கை லெட்சுமி அம்பாங்கானில் இருக்கிறாள். அவள் மகள் ஷாமினியின் கல்யாணம் வந்தது. தாலி கட்டி முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் மேசையிலிருந்து குரல் எழுந்தது.

"தங்கராஜு மாமா, அந்தக் கதையச் சொல்லுங்க மாமா!"

"அட போங்கப்பா, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை" என்று பிகு பண்ணினான். பிகு பண்ணிக்கொண்டே எழுந்தும்விட்டான். ஒரு சாம்பார் வாளியைப் பம்பு மாதிரி தோளில் மாட்டிக்கொண்டான். கரண்டிதான் குழாய். பாட்டுப் போடுகிறவனின் லெப்டாப் பக்கம் பதுங்கிப் பதுங்கிப் போய், ஷ்ஷ் ஷ்ஷ் என்று அடித்தான். மண்டபமே அதிர்ந்தது. மாப்பிள்ளைகூட மேடையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எந்தப் பக்கம் பார்த்தாலும் கைப்பேசிகள் உயர்ந்து நின்றன.

பஞ்சாலை இலையைப் பார்த்தபடி இருந்தாள். இது முதல் தடவை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்றைக்கு அவன் புதிதாக ஒன்றைச் சேர்த்தான்.

"என் பொண்டாட்டியும் கூடத்தான் வந்தா. ஒவ்வொரு எலையா புரட்டிப் புரட்டிப் பாக்குறா. என்னாடி தேடுறன்னு கேட்டேன். 'ஏங்க, இந்த மரத்துல கம்ப்யூட்டர் எங்கங்க இருக்கு'ங்கிறா!"

சிரிப்பு அடங்கவே இல்லை. யாரோ மேசையைத் தட்டினார்கள். பூச்சியே இல்லை என்று இலையைப் புரட்டிக் காட்டியவளை, அவளுடைய சொந்தக்காரர்கள் முன்னாலேயே கோமாளியாக்கிவிட்டான் பாவி. இத்தனை மாதம் அவள் கதையில் இல்லாமல் இருந்தாள். இப்போது வந்துவிட்டாள், இப்படி வந்துவிட்டாள்.

பஞ்சாலை எழுந்தாள். "மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள்.

அவன் கரண்டியோடு நின்றான்.

"அப்பறம் என்னா ஆச்சு? சொல்லுங்க. ஒங்க வாயாலயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"பஞ்சால, கல்யாண வீடு. ஒக்காரு."

"சரி, அப்ப நானே சொல்றேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "உலாட்டுக்கு அடின்னு சொன்னது இவரு இல்ல, சின்னையா ராமகிருஷ்ணன். கண்ணுக்குப் போட கண்ணாடி குடுக்காதது ஸ்டோர் கிராணி. எலையில பூச்சி இல்லன்னு சொன்னது நானு. குழா கழண்டு இந்தக் கண்ணு போச்சு. வேலைக்காவப் பழிய ஏத்துக்கிட்டது இவரு. இதான் மிச்சம்."

கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. லெட்சுமி ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்து அமுக்கினாள். "என்னாக்கா நீ, புள்ள கல்யாணத்துல வந்து... எல்லாரும் பாக்குறாங்க" என்று காதுக்குள் சீறினாள். பாட்டுக்காரன் விஷயம் தெரிந்தவன், சட்டென்று சத்தமாக ஒரு பாட்டைப் போட்டான். பாயசம் வந்தது. எல்லாரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மனதுக்குள் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. வேறு யாரும் சொல்லாவிட்டால் என்ன, நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. சபையில் விழுந்த சொல்லை இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டே தூங்கினாள்.

காலையில் அவள் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. அனுப்பியது கிளினிக்கில் பழக்கமான ஒருத்தி. கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகப் படங்கள் வரிசையாக. மேலே பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறிப்பு. பஞ்சாலை தட்டினாள். தங்கராஜு வாளியை மாட்டுகிறான், பதுங்குகிறான், ஷ்ஷ் என்று அடிக்கிறான், கம்ப்யூட்டர் எங்கங்க என்று அவள் குரலில் இழுக்கிறான். மண்டபம் சிரிக்கிறது. ஓரத்தில் ஒரு சேலை எழுந்து நிற்பது தெரிகிறது. "மி..." என்று ஒரு குரல். அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் முடிந்தது. தங்கையிடமிருந்தும் வந்தது, போர்டிக்சனிலிருக்கிற நாத்தனாரிடமிருந்தும் வந்தது, எல்லாமே அதே இடத்தில்தான் முடிந்தன.

தங்கராஜு குளித்துவிட்டுத் துண்டோடு வந்தான். பஞ்சாலை கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. முடிந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று.

"எனக்கும் அனுப்பி வுடு" என்றான்.